மூலை வீட்டுக்கு இரண்டு வழி

எங்கள் தெருவில் இப்போது வீட்டுக்கு வீடு தனித்தனி ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் நாலு பச்சை விளக்கு. ஒரு வீட்டில் நெட் போனால் அந்த வீட்டுக்காரர் மட்டும் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்துகிறார். அடுத்த வீட்டுக்காரருக்கு அது தெரிவதுகூட இல்லை. தொழில்முறையில் பார்த்தால் இதுதான் சரி. பிழைப்புக்கு நான் பார்ப்பதும் இதே வேலைதான், சென்னையில், ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து வைக்கிற வேலை. ஆனாலும் ஆரணிக்கு வரும்போதெல்லாம் மொட்டைமாடியில் ஏறி நின்றால், அந்த எட்டு மாதங்கள் திரும்ப வராதா என்று ஏங்கத்தான் செய்கிறேன். பன்னிரண்டு வீடுகள் ஒரே கேபிளில் கிடந்த மாதங்கள் அவை. அதைக் கட்டியவன் நான். கெடுத்தவனும் நான்தான்.

ஊரடங்கு அறிவித்த வாரத்தில் இரண்டு சட்டையோடு வந்தவன், எட்டு மாதம் இங்கேயே தங்கிவிட்டேன். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்க வேண்டும் என்பதால், கெஞ்சிக் கூத்தாடி ஓர் இணைப்பை வாங்கினேன். அப்போது தெருவிலேயே அது ஒன்றுதான். என் அம்மா அன்று மாலைக்குள் மாடிக்கு மாடி செய்தி சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், ஆன்லைன் வகுப்புக்காக, எங்கள் சுவரோரம் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். வெயிலில் நின்று வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் ஃபேனுக்குக் கீழே எப்படி உட்கார்ந்திருப்பது? சுவருக்கு மேலாக ஒரு கேபிளை இழுத்து அவர்கள் வீட்டில் விட்டேன். அதுதான் பிள்ளையார் சுழி.

அடுத்த வீட்டில் கேட்டார்கள். அதற்கும் அடுத்த வீட்டில் கேட்டார்கள். இப்படிப் பங்கு போட்டுக் கொடுக்கலாமா என்று கம்பெனி விதிகளை நான் படித்துப் பார்க்கவில்லை. படித்தால் கொடுக்க முடியாமல் போய்விடும் என்றுதான் படிக்கவில்லை.

முறையாகச் செய்வதென்றால், எங்கள் வீட்டிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கேபிள் போயிருக்க வேண்டும். ஒன்று கெட்டால் அது ஒன்றுதான் கெடும். ஆனால் கடைகள் எல்லாம் மூடிக்கிடந்தன. கண்ணமங்கலத்தில் ஒரு கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கி ஒரே ஒரு சுருள் கேபிள் கொடுத்தார். தனித்தனியாக இழுத்தால் அது மூன்று வீட்டுக்குத்தான் காணும். அதனால் சோம்பேறிகள் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். எங்கள் வீட்டிலிருந்து அடுத்த வீடு, அங்கிருந்து அதற்கடுத்த வீடு என்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளங்கை அளவில் ஐந்து துளையுள்ள ஒரு பெட்டி. ஒரு துளையில் முந்தைய வீட்டுக் கேபிள் வரும், இன்னொன்றிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும், மிச்சம் அந்த வீட்டுக்கு. எங்கள் தொழிலில் அதற்கு ஸ்விட்ச் என்று பெயர். லைட் ஸ்விட்ச்சோடு குழப்பம் வருகிறது என்று தெருவில் எல்லாரும் அதை டப்பா என்றார்கள். நானும் டப்பா என்றே சொல்கிறேன்.

என் கீழே வேலை பார்க்கும் யாராவது அலுவலகத்தில் இப்படிக் கோத்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஏனென்றால் சங்கிலியில் ஒரு வீட்டு டப்பா நின்றால், அதற்குப் பின்னால் இருக்கிற எல்லா வீடும் நிற்கும். நாலாவது வீட்டில் மிக்சி போடுவதற்கு வேறு பிளக் இல்லை என்று டப்பாவைப் பிடுங்கிவிடுவார்கள். அவர்கள் சட்னி அரைத்து முடிக்கிற வரைக்கும் ஐந்தாவது வீட்டிலிருந்து கடைசி வீடு வரை பாடம் நின்றுவிடும். இதில் தெருவுக்கே ஒரு லாபம் இருந்தது: நாலாவது வீட்டில் என்றைக்கு இட்லி, என்றைக்கு உப்புமா என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது.

அதைவிடப் பெரிய தொல்லை அமாவாசை. எங்கள் ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. தறியை நிறுத்திவிட்டு, குளித்து, கும்பிட்டு, பூட்டிக்கொண்டு யார் வீட்டுக்காவது போவார்கள். போகும்போது மெயினை அணைத்துவிடுவார்கள். பட்டு இருக்கிற வீடு. எங்காவது ஒயர் பொறி பட்டால் தறியில் ஏற்றிய பாவு நூல், சேலை எல்லாம் போய்விடும் என்று பயம். ஃபிரிஜ்ஜில் பால் கெட்டாலும் பரவாயில்லை, மெயின் அணையத்தான் வேண்டும். முதல் அமாவாசையன்று இரண்டாவது வீட்டுக்காரர் அப்படி அணைத்துவிட்டு முள்ளிப்பட்டுக்கு மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார். பின்னால் இருந்த ஆறு வீட்டுக்கும் சாயங்காலம் வரை நெட் இல்லை. எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள்.

அலுவலகத்தில் கோளாறு எங்கே என்று உட்கார்ந்த இடத்திலேயே திரையில் தெரியும். இங்கே நடந்துதான் பார்க்க வேண்டும். முதல் வீட்டில் விளக்கு எரிகிறதா, இரண்டாவது வீட்டில் எரிகிறதா என்று வரிசையாகக் கதவைத் தட்டிக்கொண்டு போவேன். "வா வா, நாஷ்டா ஆச்சா?" என்று ஒரு வீட்டில் தோசை. அடுத்த வீட்டில் மோர். சிறு வயதில் பந்து விழுந்தால் ஏறிக் குதித்த வீடுகள், வேலைக்குப் போன பதினைந்து வருடத்தில் உள்ளே எட்டிப் பார்க்காத வீடுகள். கோளாறு வந்தபோதெல்லாம் வாயால் சலித்துக்கொண்டேனே தவிர, மனதுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன்.

இந்தச் சங்கிலியின் கடைசியில், எட்டாவதாக, பின்தெரு திரும்புகிற மூலையில் இருந்த வீட்டைத்தான் இனி சொல்ல வேண்டும். அங்கே ஒரு நெசவாளித் தம்பதி. அந்த அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவர் கணவரை மாமா என்பேன். உறவு ஒன்றும் இல்லை, தெருப் பழக்கம். மாமா தறியில் உட்கார்ந்தால் பேச மாட்டார். இறங்கினால் பேச்சை நிறுத்த மாட்டார். அக்கா அதற்கு நேர்மாறு, எப்போதும் அளந்துதான் பேசுவார். ஒரே மகள், புனேவில் வேலை. முன்னால் இருக்கிற ஏழு வீட்டில் யார் எதைப் பிடுங்கினாலும் தவறாமல் பாதிக்கப்பட்டது இவர்கள்தான். மூன்றாவது வீட்டில் யாராவது சினிமா இறக்கினால்கூட மூலை வீட்டில் மகளின் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். எல்லாருடைய போக்குவரத்தும் எல்லார் வீட்டு வழியாகவும்தானே போகிறது.

அந்த மகளுக்குத்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆரணியில் மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. ரயில் இல்லை, பஸ் இல்லை. பாஸ் கேட்டு இரண்டு முறை எழுதினார்கள், இரண்டு முறையும் வரவில்லை. மாப்பிள்ளை வீடு புனேதான் என்பதால், நாளைத் தள்ளாமல் அங்கேயே இருபது பேரோடு முடித்துவிடலாம் என்று பேசிவிட்டார்கள். அக்காவும் மாமாவும் சேர்ந்து நெய்த கூறைப் புடவை மட்டும் பார்சலில் போனது. அரக்கு நிறம், பச்சைக் கரை. பார்சல் கட்டும்போது நான் அங்கே இருந்தேன். அக்கா அதை இரண்டு தடவை பிரித்து இரண்டு தடவை மடித்தார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"தம்பி, போன்ல காட்றேன்னு சொல்லிகீறா. டிவில பெருசா போட்டுப் பாக்கலாமாமே?"

"பாக்கலாங்கா. நான் வந்து போட்டுத் தரேன்."

"எனக்கு மத்ததெல்லாம் வேணாம்பா. மொத்தம் மூணு மணி நேரம் காட்டுவாங்கோ, அது முன்ன பின்ன நின்னா பரவால்ல. தாலி ஏர்ற நேரத்துல மட்டும் நான் பாக்கணும். அப்போ நிக்காம பாத்துக்க. அது ஒண்ணுதான் கேக்கறேன்."

வாழ்நாளில் அக்கா என்னிடம் அதுவரை எதுவும் கேட்டதில்லை. சரி என்று சொல்லிவிட்டுத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இடையில் ஏழு வீடு இருக்கிறது. ஏழில் ஒருவர் மிக்சி போட்டாலும் தீர்ந்தது. ஏழு வீட்டையும் கட்டிப்போடவா முடியும்? போதாக்குறைக்கு அதற்கு முந்தைய வாரம்தான் போளூர்ப் பக்கத்திலிருந்து வைக்கோல் ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று, தெருவைத் தாண்டிப் போகும் கேபிளை அறுத்து இழுத்துக்கொண்டு போயிருந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் வீட்டிலிருந்து இடது பக்கமாகச் சுற்றித்தான் மூலை வீட்டுக்குக் கேபிள் போகிறது. வலது பக்கமாகவும் போகலாமே? அந்தப் பக்கத்தில் நாலு வீடுகள். அவர்களும் கல்யாணம் பார்க்க நெட் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணமங்கலத்துக்காரரிடம் மறுபடி போய் இன்னொரு சுருள் வாங்கிவந்து, வலது பக்கமாக அந்த நாலு வீட்டையும் கோத்து, கடைசிக் கேபிளை மூலை வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். இப்போது மூலை வீட்டுக்கு இரண்டு வழி. இடது பக்கம் அறுந்தால் வலது பக்கம் இருக்கிறது. என் புத்திசாலித்தனத்தை நினைத்து நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் சங்கிலி வளையமாகிவிடும். அது ஏன் ஆபத்து என்று எங்கள் தெருவை வைத்தே சொல்கிறேன். குழாயில் தண்ணீர் வந்தால், முதலில் பார்த்தவர் "தண்ணி வந்துட்சி" என்று கத்துவார். அடுத்த வீட்டில் கேட்டு அவர்கள் கத்துவார்கள். அப்படியே தெருமுனை வரை போய்ச் சத்தம் அடங்கிவிடும். தெரு வட்டமாக இருந்தால்? சத்தம் சுற்றிக்கொண்டு முதலில் கத்தியவரிடமே திரும்பி வரும். அவர் அதைப் புதுச் செய்தி என்று நினைத்து மறுபடியும் கத்துவார். ஓயவே ஓயாது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கூச்சலைத் தவிர வேறு எதுவும் யார் காதிலும் விழாது. இது தான் கத்தியதுதான் என்று அடையாளம் கண்டு வாயை மூடிக்கொள்கிற டப்பாக்களும் உண்டு. பெரிய அலுவலகங்களில் அவற்றைத்தான் வைப்போம். எங்கள் தெருவில் இருந்தவை அந்த விவரம் தெரியாத சாதாரண டப்பாக்கள்.

அதனால் மூலை வீட்டில் இடது பக்கக் கேபிளை மட்டும் டப்பாவில் சொருகி, வலது பக்கக் கேபிளின் நுனியில் கறுப்பு டேப் சுற்றித் தொங்கவிட்டேன். இடது பக்கம் செத்தால் அதைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருக வேண்டும், அவ்வளவுதான். இதை அக்காவிடமோ மாமாவிடமோ நான் சொல்லவில்லை. சொன்னால் புரியாது என்று நினைத்தேன். தேவைப்பட்டால் நானே ஓடிவந்து மாற்றிக்கொள்கிறேன் என்று ஒரு மிதப்பு. அந்த டப்பா இருந்தது தறி போட்டிருக்கிற அறையில். கேபிளின் நுனி தறிக்கு ஒரு கை தூரத்தில் தொங்கியது. ஒரு நெசவாளியின் தறிக்குப் பக்கத்தில் ஒரு நுனியைத் தொங்கவிட்டு வருகிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை.

கல்யாண நாளன்று தெருவே குளித்துப் புதுத்துணி உடுத்தியிருந்தது. கூட்டம் சேரக் கூடாது என்பதால் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. அவரவர் வீட்டிலேயே டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். எல்லாருக்கும் ஒரே வீடியோ கால்; மூலை வீட்டில் மட்டும் மாமாவின் போன், அக்காவின் முகம் புனேவில் தெரிகிற மாதிரி, டிவிக்குக் கீழே நின்றது. அக்கா முதல்நாளே பன்னிரண்டு வீட்டுக்கும் அட்சதைப் பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தார். முந்தின நாள் நான் வீடு வீடாகப் போய், யாரும் மிக்சி போடக் கூடாது, மெயினைத் தொடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். நாலாவது வீட்டில் எனக்காகவே அன்றைக்குச் சட்னியை முந்தின நாள் இரவே அரைத்து வைத்துவிட்டார்கள். எந்த மண்டபத்திலும் அப்படி ஒரு கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. மாடிப்படி வழியாக எல்லா வீட்டு நாதஸ்வரமும் அரை நொடி முன்பின்னாகக் கேட்டது. இப்போது எழுதும்போதும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

நானும் அம்மாவும் எங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். பெண் அரக்குப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். அம்மா அழ ஆரம்பித்தாள். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காக ஒவ்வொருவரிடமாகப் போனது. ஒரு பெரியவர் தட்டைத் தொடக் கையை நீட்டினார். அந்தக் கை நீட்டினபடியே நின்றுவிட்டது.

ஒரு நொடி, இரண்டு நொடி. தெரு முழுக்க நாதஸ்வரமும் நின்றது. எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

முதலில் ஃபைபர் பெட்டிதான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து அதை அணைத்துப் போட்டேன். அது கண் விழிப்பதற்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. விழித்ததும் மறுபடி செத்தது. யாரோ மெயினை அணைத்துவிட்டார்கள் என்று அடுத்த முடிவுக்கு வந்தேன். ஒருவர் அணைத்தால் பின்னால் இருக்கிற வீடுகள்தான் நிற்கும், என் வீடு நிற்காது என்பதை யோசிக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் முதல் வீட்டுக்கு ஓடினேன். அங்கே டப்பாவைப் பார்த்தவுடன் விஷயம் புரிந்துவிட்டது. எல்லா விளக்கும் ஒன்றாகச் சேர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. வளையம் மூடிவிட்டது. மூலை வீட்டில் அந்த நுனியை யாரோ சொருகிவிட்டார்கள்.

ஓடினேன். "இன்னா ஆச்சி, இன்னா ஆச்சி" என்று வாசலுக்கு வாசல் அட்சதையைக் கையில் மூடிக்கொண்டு நின்றவர்களுக்குப் பதில் சொல்லாமல், தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். மூலை வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தில் இருந்த இருவரையும் தாண்டி, தறி அறைக்குப் போனேன். சொருகியிருந்தது. நான் சுற்றின டேப்பைப் பிரித்துச் சின்ன உருண்டையாக உருட்டி ஓரமாக வைத்துவிட்டு, அழகாக, இறுக்கமாகச் சொருகியிருந்தது. உருவினேன். விளக்குகள் ஒவ்வொன்றாக அமைதியாயின.

தறி அறை வாசலிலிருந்து பார்த்தேன், டிவியில் படம் வந்தது. பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது, தலையெல்லாம் அட்சதை. மாப்பிள்ளை குனிந்து மெட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா டிவிக்கு முன்னால் அட்சதையை மூடின கையோடு நின்றிருந்தார். பிறகு மாமா வெடித்தார்.

"இன்னாடா வேல செஞ்சிகீறே நீ? படிச்ச படிப்புக்கு ஒரு கம்பிய ஒழுங்கா இழுக்கத் தெரியல? ஒரு வாரமா மாடி மாடியா ஏறி எறங்கிகினு இருந்தியே, இதுக்குத்தானா? தட்டு சுத்தி வரச்சொல்ல, நாற்காலி எடுக்க உள்ள போனேன். தறியாண்ட ஒரு ஒயரு அறுந்து தொங்குது. சரி, அதுவும் கெட்டியா இருக்கட்டும்னு நான்தான் சொருவி வுட்டு வந்தேன். அப்படிக்கூட நின்னு போச்சே உன் நெட்டு!"

அந்த மனிதருக்குத் தறியில் இழை அறுந்தால் கை தானாகப் போய் முடிச்சுப் போடும். கண் வேறெங்கோ இருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், கை முடிச்சுப் போட்டுவிட்டு வந்துவிடும். நாற்பது வருடப் பழக்கம். தொங்குகிற நுனியை அவரால் விட்டுவிட்டு வர முடியுமா? தன் மகளின் தாலியைத் தன் மனைவி பார்க்க முடியாமல் செய்தது தன் கைதான் என்று அவருக்கு இந்த நிமிடம் தெரிய வேண்டுமா என்று யோசித்தேன். உருவின கேபிளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"என் லைன்லதான் கோளாறு மாமா. நான் போட்டது சரியில்ல. மன்னிச்சிடுங்க."

அவர் இன்னும் திட்டினார். தெருவே கேட்டது. நான் நின்று வாங்கிக்கொண்டேன்.

நடுவில் அக்காவின் போன் அடித்தது. மகள். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, லைன் போயிட்சிம்மா, பாத்தியா? நல்ல வேளை, தாலி கட்டி முடிச்ச அப்பாலதான் கட் ஆச்சி. கட்டற நேரத்துல நான் போனத்தான் பாத்தேன். நீ கண்ணக்கூட கொட்டாம பாத்துகினே இருந்தே."

படம் இங்கே நின்றபோது அங்கேயும் நின்றிருக்கிறது. அவர்கள் போனில் அக்காவின் முகம் அசையாமல் அப்படியே இருந்திருக்கிறது. மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாம்மா. பாத்தேன். புடவை உனக்கு எடுப்பா இருந்திச்சி."

பிறகு அட்சதையை டிவியின் மேல் போட்டார். நான் சமையலறை வழியாக வெளியே வந்து, சந்தில் நின்று அழுதேன்.

வீடியோ இரண்டு நாளில் வந்தது. எல்லாரும் பார்த்தோம். அக்காவும் பார்த்தார். படம் நின்ற இடத்திலிருந்து தாலி ஏறுவதற்கு நன்றாக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பதை அதில்தான் கவனித்தேன். அதற்குப் பிறகு தெரு பழையபடி ஓடியது. மிக்சி ஓடியது, அமாவாசை வந்தது, நான் கதவைத் தட்டினேன், மோர் குடித்தேன். வலது பக்கத்திலிருந்து மூலை வீட்டில் இறக்கிய அந்தக் கடைசிக் கேபிளை மட்டும் மறுநாளே எடுத்துவிட்டேன். மாமா கொஞ்ச நாளில் சமாதானமாகிவிட்டார். ஆனால் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார், அது இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: "நின்னுபோன இன்ஜினீயர்".

ஊரடங்கு முடிந்து சென்னைக்குத் திரும்பினேன். இரண்டு வருடம் கழித்து, தெருவுக்கெல்லாம் ஃபைபர் வந்த பிறகு, மாடிகளில் கிடந்த பழைய கேபிள்களை எடுத்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். ஒவ்வொரு மாடியாகச் சுருட்டிக்கொண்டு மூலை வீட்டு மாடிக்கு வந்தபோது மத்தியானம். அக்கா வடகம் காய வைத்துக்கொண்டிருந்தார். மாமா முதலாளியைப் பார்க்க வெளியே போயிருந்தார். புனேவில் பேரன் பிறந்து நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று அக்கா சொன்னார். நான் கேபிளைச் சுருட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அன்னிக்கு நிறுத்தனது உங்க மாமாதான், இல்ல?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நீ உள்ள போயி உருவினத பாத்தேன். பின்னால மறச்சிகினியே, அதயும் பாத்தேன். அவரு கையாலதான் ஆச்சின்னு தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாருப்பா. நீ தாங்கிக்குவேன்னு வுட்டுட்டேன். உனக்குத் திட்டு வாங்கி வெச்சிட்டேன். ரெண்டு வருசமா சொல்லணும்னு இருந்தேன்."

அந்த அன்பு என்னை அப்படியே இளக்கிவிட்டது. அந்தத் திட்டை நான் ஏதோ பெரிய தியாகம் போல வாங்கிக்கொண்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு அவர் என்னைப் பெரிதாக நினைப்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? நேர்மையாக இருந்துவிட வேண்டும் என்று தோன்றியது.

"அக்கா, நான் பொய் சொல்லல. நெசமாவே தப்பு என்னுதுதான். அந்த நுனிய தொடாதீங்கன்னு மாமாகிட்ட நான் சொல்லியிருக்கணும். சொல்லல. அதுவும் இல்லாம, அன்னிக்கு நான் உங்க வூட்டுக்கு ஓடி வந்திருக்கவே வேணாம். அது வளையம். எந்த எடத்துல பிரிச்சாலும் சரியாயிடும். ரெண்டு பக்கத்துக் கேபிளும் எங்க வூட்லேர்ந்துதான் கெளம்புது. என் கையாண்ட இருந்திச்சி. ரெண்டுல ஒண்ண உருவியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். பதட்டத்துல எனக்குத் தோணல."

அக்கா வடகத் துணியின் ஓரத்தைக் கல்லால் அழுத்திக்கொண்டிருந்தவர், அப்படியே நிறுத்தினார்.

"உங்க வூட்ல, உக்காந்த எடத்துலயே?"

"ஆமாங்கா."

"எவ்ளோ நேரம் ஆவும் அதுக்கு?"

"ஒரு நொடி."

"தாலி ஏர்றதுக்குள்ள படம் வந்திருக்கும்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அதுவும் தோன்றவில்லை.

"வந்திருக்குங்கா."

அக்கா எழுந்து பின்தெருப் பக்கம் பார்த்தார். கோபம் இல்லை அந்த முகத்தில். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

"இத ஏம்பா எங்கிட்ட சொன்னே?" என்றார். "நம்ம கையில ஒண்ணும் இல்ல, அது போவணும்னு இருந்திச்சி, போச்சின்னு இவ்ளோ நாளா சும்மா இருந்தேனே."

அவர் கீழே இறங்கிப் போய்விட்டார். மிச்சமிருந்த கேபிளைச் சுருட்டி முடிப்பதற்கு அன்று எனக்கு வெகு நேரம் ஆனது.